கோழிக்கு இரவில் ஒரு மரம்

மந்தைவெளியில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறு, ஒரு முருங்கை, மதிலோரம் மூன்று தென்னை. அங்கே ஆறு நாட்டுக்கோழிகள் வளர்த்தோம். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை அம்மா பின்கதவைத் திறந்தபோது கிணற்றடி முழுக்க இறகு. ஐந்து கோழிகள் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. ஒன்றின் முதுகு கிழிந்திருந்தது, ஒன்றின் பின்புறத்தில் பல் பதிந்திருந்தது. மற்ற மூன்றில் காயத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எதையும் தின்றிருக்கவில்லை. கூட்டில் அடித்திருந்த கோழிவலை ஓரத்தில் பிய்ந்து மடங்கிக் கிடந்தது. ஆறாவது கோழி மட்டும் பிழைத்தது. பொழுது சாய்ந்தும் கூட்டுக்குள் வராமல் தினமும் எங்களை அலையவிட்ட வெடக்கோழி அது. முருங்கைக் கிளையில், இலைகளுக்கு நடுவே, ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

சீனிவாசபுரத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா அன்று வந்தபோது அம்மா அழுதுகொண்டே சொன்னார். "தெருநாய்ங்கதான். கார்ப்பரேஷன்ல சொல்லி எல்லாத்தையும் புடிச்சிக்கிட்டுப் போவச் சொல்லப்போறேன்."

அக்கா கூடையை இறக்கிவைத்தார். "நாய் மேல கோவப்பட்டு இன்னாம்மா ஆவப்போவுது? ராவானா கோழிக்குக் கண்ணு தெரியாது. நாமதான் அதுக்குக் கண்ணு."

அந்தச் சொல்லும் முருங்கைக் கிளையில் இருந்த வெடக்கோழியும் பல ஆண்டுகளாக என்னோடு இருக்கின்றன. பிறகு பறவைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. பகல் வெளிச்சத்தில் நிறம் பிரித்துக் காட்டுவது கூம்புச் செல், மங்கிய ஒளியில் வேலை செய்வது கோல் செல். மனித விழித்திரையில் இந்தச் செல்களில் நூற்றுக்கு 90-க்கும் மேல் கோல் செல்கள். அதனால்தான் மின்சாரம் போன வீட்டிலும் தட்டுத் தடுமாறியாவது நடக்கிறோம். கோழியின் கண்ணில் கணக்கு தலைகீழ். அங்கே பெரும்பான்மை கூம்புகள்தான். நமக்கு நிறம் காண மூன்று வகைக் கூம்பு, கோழிக்கு நான்கு. நாம் பார்க்க முடியாத புற ஊதா விளிம்பைக்கூட அது பார்க்கிறது. அசைவைப் பிடிக்க உதவுவதாகக் கருதப்படும் இரட்டைக் கூம்புகளும் தனியாக இருக்கின்றன. மண்ணில் ஊரும் எறும்பை நடக்கும்போதே கொத்தியெடுக்கும் கண் அது. இந்தக் கூர்மைக்கு அது கொடுக்கும் விலைதான் இரவு. சூரியன் இறங்கி அரைமணி நேரம் போனால் கோழி கிட்டத்தட்ட குருடு. கூட்டுக்குள் கைவிட்டுத் தூக்கினாலும் ஓடாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சாதுத்தனம் இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது.

நாய், பூனை, மரநாய் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. ஒருமுறை தப்பிய ஒளிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கும் ஏற்பாடு. டார்ச் அடித்தால் அவற்றின் கண் பச்சையாக மின்னுவது அதனால்தான். இந்த வித்தியாசத்துக்கு வயது பல கோடி ஆண்டுகள். டைனோசர்கள் பகலை ஆண்ட காலத்தில் பாலூட்டிகளின் முன்னோர் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வந்தன என்றும், அப்போது நிறம் காணும் திறனில் கொஞ்சம் இழந்து இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டன என்றும் உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். பறவைகளோ அந்த டைனோசர் வம்சத்திலேயே வந்தவை. எங்கள் கிணற்றடியில் நாயும் கோழியும் மோதிய அந்த இருட்டில் யார் பக்கம் வெற்றி என்பது அவ்வளவு காலத்துக்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது.

அப்படியானால் காட்டில் கோழியினம் எப்படிப் பிழைத்தது? மரத்தால்தான். நம் வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி. நெல் விளைந்த வயல்களை ஒட்டி, இன்றைய மத்தியத் தாய்லாந்துப் பகுதியில், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் அது மனிதரோடு வாழத் தொடங்கியதாக 2022-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் தோலை மஞ்சளாக்கும் மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டு காட்டுக்கோழிகளுமே பகல் முழுக்கத் தரையைக் கிளறிவிட்டு, அந்தி சாய்ந்ததும் மரமேறிவிடும். கால் மடங்கி உடம்பு கிளையில் அமரும்போது காலின் பின்புறத் தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமாகவே கிளையை இறுக்கிக்கொள்கின்றன. தூக்கத்திலும் பிடி தளராது. தூக்கமும் நம் தூக்கம் போன்றது அல்ல. மூளையின் ஒரு பாதி உறங்க, மறு பாதி ஒரு கண்ணைத் திறந்துவைத்திருக்கும் வழக்கம் பறவைகளுக்கு உண்டு. வாத்துகள் வரிசையாக உறங்கும்போது ஓரத்தில் இருப்பவையே இப்படி அதிகம் விழித்திருக்கின்றன என்று 1999-ல் பதிவு செய்தார்கள். கோழிகளிலும் இந்த ஒற்றைக்கண் தூக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இருட்டில் பார்க்க முடியாத பறவைக்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு இவ்வளவுதான்: உயரம், நகராமை, இலை மறைவு. எங்கள் வெடக்கோழி செய்ததும் அதுதான். மற்ற ஐந்தையும் நாங்கள் நல்லெண்ணத்தோடு தரைமட்டத்தில் ஒரு வலைக்குப் பின்னால் வைத்திருந்தோம். மரத்தைப் பறித்துக்கொண்டு, மரம் செய்த வேலையைச் செய்யாத ஒன்றை அவற்றுக்குக் கொடுத்திருந்தோம். கோழிக்கூடு என்பது என்ன என்று என்னைக் கேட்டால், நாம் கட்டித்தரும் மரம் என்றே சொல்வேன்.

அடுத்த கேள்வி அம்மாவை இன்னும் அதிகம் வாட்டியது. பசிக்காகக் கொன்றிருந்தால்கூட மனம் ஆறும், தின்னாமல் ஏன் ஐந்தையும் கொன்றது? டச்சு விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் கூடு கட்டிய கடற்காகங்களை நரிகள் பெருந்திரளாகக் கொன்றுபோட்டுவிட்டுப் போன இரவுகளை அவர் கவனித்தார். அவை எல்லாமே கும்மிருட்டு இரவுகள். பறவைகள் எழும்பிப் பறக்காமல் உட்கார்ந்தே இருந்த இரவுகள். ஆப்பிரிக்காவில் 19 கழுதைப்புலிகள் 82 மான்களைக் கொன்று அதில் சிறு பங்கை மட்டுமே தின்ற நிகழ்ச்சியையும் அவர் சேர்த்து வைத்துப் பார்த்தார். தேடுவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, தின்பது ஆகியவை வேட்டை விலங்குக்குள் தனித்தனி விசைகள் என்பது அவர் கண்ட விடை. வயிறு நிறைந்தால் தேடுவதும் தின்பதும் நின்றுவிடும். ஆனால் கண்ணெதிரே ஒன்று படபடத்தால் கவ்வும் விசை மறுபடி மறுபடி இயங்கும். காட்டில் முதல் இரை பிடிபட்டதும் மற்றவை சிதறி ஓடிவிடும், ஆகவே விசை தானாக அடங்கிவிடும். மூடிய கூட்டுக்குள் ஓட வழியில்லை. ஒவ்வொரு சிறகடிப்பும் நாயை அடுத்ததை நோக்கித் திருப்புகிறது. கடைசிச் சிறகு அசையாமல் நிற்கும்வரை அது நிற்பதில்லை. அதில் வன்மம் எதுவும் இல்லை. அந்தக் கூட்டின் அமைப்பும் அந்தப் படுகொலையில் ஒரு பங்காளி.

பகலில் கோழி இப்படித் தோற்றுப்போகாது என்பதையும் சொல்ல வேண்டும். 1993-ல் கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகிய மூவர் கோழிகளுக்கு வீடியோ காட்டிச் சோதித்தார்கள். தலைக்கு மேலே வைத்த திரையில் பருந்து பறப்பதைக் கண்ட சேவல் மெல்லிய நீண்ட சீழ்க்கை ஒன்றை எழுப்பியது. தரைமட்டத் திரையில் ரக்கூன் என்ற விலங்கைக் கண்டபோது விட்டுவிட்டுக் கொக்கரித்தது. பருந்துச் சத்தத்தை மட்டும் ஒலிபரப்பினாலே பெட்டைகள் பதுங்கின, மேலே பார்த்தன. தரைப்பகைச் சத்தத்துக்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்த்தன. எதிரி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சொல்ல இரண்டு தனிச் சொற்கள் கோழியிடம் உண்டு என்பதுதான் இதன் பொருள். நம் கிராமத்துப் பாட்டிமார் கோழி கத்துவதைக் கேட்டே "பருந்து வந்திருக்கு, குஞ்சை மூடு" என்று எழுந்தோடியதை இந்த ஆய்வோடு சேர்த்துவைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த மொழி பகலோடு முடிந்துவிடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் நடுவே உள்ள அந்த அரைமணி நேரம்தான் கோழிக்கு மிகக் கொடியது. குறுந்தொகையின் 139-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் வீட்டுக்கோழிக்கும் அதே வேளையில்தான் அச்சம் வருகிறது. மாலையில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட, போக்கிடம் தெரியாத தாய்க்கோழி குஞ்சுகளை ஒன்றுசேர்க்கக் கத்துகிறது. கவிதை பேசுவது ஊர் எழுப்பும் அலரைப் பற்றி. ஆனால் உவமைக்கு எடுத்துக்கொண்ட கோழியைப் புலவர் கவனித்திருக்கும் விதத்தில் பிழையே இல்லை. வேளை, இடம், குஞ்சுகளைக் கூட்டும் கூவல் மூன்றும் சரி.

சென்னையில் அந்த வேலியோரம் இப்போது யார் யார் வருகிறார்கள்? பேட்டைக்குப் பேட்டை பதில் மாறுகிறது. தி. நகரில் பின்கட்டு என்று மிச்சமிருப்பது பெரும்பாலும் சிமெண்ட் தரை. அங்கே நாய் தோண்டி வராது, கேட்டின் அடியிலுள்ள சந்தில் நுழைந்து வரும். கூடவே பெருச்சாளி. சாக்கடை மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே அதற்கென்று ஒரு பாதை இருக்கும். தூங்கும் குஞ்சைத் தூக்கிப் போவதோடு, கம்பித் தரையின் வழியே தொங்கும் பெரிய கோழியின் விரலையும் அது கடித்துவிடும்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தலைமறைவாக வாழும் ஒரு விருந்தாளி மரநாய். பெயரில்தான் நாய், இனத்தால் புனுகுப்பூனையின் சொந்தம். பரணிலும் ஓட்டுச் சந்திலும் பகலெல்லாம் தூங்கி, நள்ளிரவில் தென்னை வழியே மதிலுக்கும் மதில் வழியே அடுத்த வீட்டுக்கும் நடந்துபோகும். அதன் முதன்மை உணவு பழம். பப்பாளியும் மாம்பழமும் தின்று விதைகளைப் பரப்பும் நல்ல வேலையைச் செய்கிற விலங்கு அது. திறந்த கூட்டில் கோழி இருந்தால் விடாது. மேலிருந்து இறங்கிவரும் என்பதுதான் இதைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது. நான்கு பக்கமும் வலை அடித்து, மேலே ஓலை மட்டும் போட்ட கூடு இதற்கு ஒரு தடையே இல்லை.

அடையாற்றில் கதை இன்னும் பெரிது. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டி ஐ.ஐ.டி. வளாகம். ஆற்று முகத்தில் பிரம்மஞான சபையின் தோப்பு. நகரத்தின் நடுவே நரியும் கீரியும் புனுகுப்பூனையும் சாரையும் நல்ல பாம்பும் மிச்சமிருப்பதற்கு இந்தப் பச்சைத் துண்டுகள்தான் காரணம், அதற்காக நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். கீரி பகலில் வரும். காகமும் பருந்தும் பகலில்தான், அவற்றின் குறி குஞ்சுகள். பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிவிடும், ஓட்டுத் துணுக்குகூட இருக்காது. ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் தரை மணலாக இருப்பதால் நாய்க்குத் தோண்டுவது எளிது.

காலையில் பார்க்கும் தடயம் வந்தவரைக் காட்டிக்கொடுக்கும். பல கோழிகள் செத்து, தின்னப்படாமல், முதுகிலும் பின்புறத்திலும் கடிபட்டு, இறகு சிதறிக் கிடந்தால் நாய். ஒன்று மட்டும் காணாமல் போய், இறகுத் தடம் மதில் நோக்கிப் போனால் பூனை அல்லது மரநாய். ஓசையில்லாமல் நாளுக்கொரு குஞ்சு குறைந்து, மூலையில் புது மண் குவிந்திருந்தால் பெருச்சாளி. இதைப் படிக்கத் தெரியாமல்தான் பலர் தப்பான எதிரியோடு போராடுகிறார்கள். நாய்க்கென்று ஆறடிச் சுவர் எழுப்பியவர் வீட்டில் மரநாய் அதே சுவர்மேல் நடந்து வருகிறது.

கூட்டைப் பற்றிப் பேசலாம். கடையில் கோழிவலை என்று கேட்டால் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். நாயை வெளியே வைக்காது. முறுக்கிய மெல்லிய கம்பி அது. ஒரு முறுக்கு அவிழ்ந்தால் பக்கத்து முறுக்கும் தளர்ந்துகொண்டே போகும். நாய் பல்லால் பிடித்து இழுத்தால் துணி போலப் பிரிகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஒவ்வொரு சந்தியிலும் பற்றவைத்த வெல்டு மெஷ்தான் வேண்டும். கீழ்ப்பகுதி இரண்டடிக்கு அரை இஞ்ச் கண், அப்போதுதான் பெருச்சாளியும் பாம்பும் நிற்கும். மேலே ஒரு இஞ்ச் போதும். கூரைக்கும் மெஷ், அதன் மேல் தகரமோ ஓலையோ.

மண் தரையாக இருந்தால் மெஷ்ஷைச் சுவரோடு நிறுத்தாமல், கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை, இரண்டடி அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடிவிட வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாய் தோண்டும்போது தடை எங்கே இருக்கிறதோ அதன் காலடியில்தான் தோண்டும். இரண்டடி பின்னால் போய்ச் சுரங்கம் வெட்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. சுவரடியில் நகத்துக்குக் கம்பி தட்டினால் நகர்ந்து இன்னொரு இடத்தில் முயலும், அங்கேயும் கம்பி. ஆழமாகப் புதைப்பதைவிடப் படுக்கவைப்பது உழைப்பும் குறைவு, பயனும் அதிகம்.

நம் ஊருக்கென்று இரண்டு கவலைகள் உண்டு, வெளிநாட்டு வழிகாட்டிகள் அவற்றைச் சொல்வதில்லை. முதலாவது வெக்கை. கோழியின் உடல்வெப்பம் 41 டிகிரிக்கு மேல். வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், காற்றில் ஈரம் அதிகமானால் அதுவும் சரியாக நடக்காது. சித்திரை, வைகாசி இரவுகளில் சென்னையின் புழுக்கத்தில், பாதுகாப்பு என்று எண்ணி நான்கு பக்கமும் பலகை அடித்த பெட்டியில் கோழியைப் பூட்டினால், நாய் செய்யாததை வெக்கை செய்துவிடும். அதனால் சுவர் இரண்டு பக்கமாவது மெஷ்ஷாகவே இருக்கட்டும், கடற்காற்று வரும் கிழக்குப் பக்கம் கட்டாயம் திறந்திருக்கட்டும். இரண்டாவது அந்தக் கடற்காற்றிலேயே இருக்கிறது. உப்பு. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் சாதாரணக் கம்பி சீக்கிரமே துருவேறி உளுத்துவிடும். வெளியே பார்க்க முழுதாக இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியும். துத்தநாகம் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் உறையும் போட்ட கம்பி நாள் தாங்கும். எதுவானாலும் மாதம் ஒருமுறை அடிவரிசையைக் கையால் இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே உட்காரும் கட்டை தரையிலிருந்து குறைந்தது மூன்றடி உயரத்தில், வலையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வலையோடு ஒட்டித் தூங்கும் கோழியைப் பூனை வெளியிலிருந்தே நகத்தால் பிறாண்டிவிடும். கட்டை உருண்டையாக, மணிக்கட்டுப் பருமனில் இருந்தால் அந்தத் தசைநாண் தன் வேலையைச் செய்யும். கதவுக்குக் கொண்டி மட்டும் போதாது. நாய் முட்டினால் கொண்டி தானாகத் துள்ளிக் கழன்றுகொள்ளும். கொண்டிக்கு மேல் ஒரு கொக்கி போடுங்கள். கூடு தரையிலிருந்து இரண்டடி மேலே நின்றால் இன்னொரு நன்மையும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோதும் தண்ணீர் முதலில் புகுந்தது தரைமட்டத்தில்தான்.

விளக்கு போட்டுவைத்தால் நாய் வராது என்று பலர் சொல்வார்கள். தெருவிளக்கடியிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு விளக்கு ஒரு பொருட்டில்லை. கோழிக்கோ அது தொல்லை. கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டைக் கடந்து வரும் ஒளியை மூளைக்குள்ளேயே உணரும் செல்கள் பறவைகளுக்கு உண்டு. முட்டையிடும் பருவத்தை ஓட்டுவது அந்த உணர்வுதான். இரவெல்லாம் வெளிச்சம் இருந்தால் தூக்கமும் கெடும், முட்டையிடும் ஒழுங்கும் கெடும்.

பஞ்சாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மூங்கில் சிம்பில் பின்னிக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் அந்தக் காலத்தில் கோழிக்கு அதுவே வீடு. அதே பஞ்சாரத்தைச் சென்னையில் மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் வைத்து, காலையில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து நொந்துகொள்பவர்கள் உண்டு. பஞ்சாரம் தனியாகக் காவல் காத்ததே இல்லை. அது திண்ணையில் இருந்தது. அதன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் தாத்தா படுத்திருந்தார். முற்றத்தில் பாட்டி புரண்டுகொண்டிருந்தார். ஒரு சிறகடிப்புக்கே "சூ" என்று குரல் எழும்பும். வெளியில் உறங்கிய மனிதர்கள்தான் அந்தக் கூட்டின் பாதிப் பாகம். இப்போது கதவைச் சாத்தி, மின்விசிறியோ ஏ.சி.யோ இரைய, உள்ளே தூங்குகிறோம். எங்கள் வீட்டில் அன்று ஐந்து கோழிகள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. மனிதர் விலகிக்கொண்ட அந்த இடத்தைக் கம்பியால்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

இனி நாயைப் பற்றி. சென்னையில் மாநகராட்சி எடுத்த கணக்குப்படி 2018-ல் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம், 2024-ல் சுமார் 1.8 லட்சம். கோழி இழந்தவர் கோபத்தில் விஷம் வைக்க நினைப்பது எனக்குப் புரிகிறது. அந்த எண்ணத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்பேன். சட்டம் அதைக் குற்றம் என்கிறது: 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவும் அதற்குத் தண்டனை வைத்திருக்கின்றன. மரநாய், நரி, கீரி, பாம்பு ஆகியவற்றுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விஷ உணவைக் காகமும் பூனையும் சில நேரம் உங்கள் கோழியுமே தின்றுவிடும். சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. இந்த ஊரில் நாய்களைக் கொன்று பார்த்தாயிற்று. தலைமுறை தலைமுறையாக மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றும் எண்ணிக்கை அடங்கவில்லை. ஒரு தெருவில் சோறு கிடைக்கும்வரை, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். அதனால்தான் 1996-ல் கொல்வதை நிறுத்தி, ப்ளூ கிராஸ் அமைப்போடு சேர்ந்து கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடும் முறைக்குச் சென்னை மாறியது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதையே சொல்கின்றன. கருத்தடை போதிய வேகத்தில் நடக்கவில்லை என்பது அந்த 1.8 லட்சத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் தெருவில் காது நுனி வெட்டப்படாத நாய் இருந்தால் அது இன்னும் கருத்தடை ஆகாதது, மாநகராட்சிக்குத் தெரியப்படுத்தலாம். இறைச்சிக் கடைக் கழிவும் சிந்திய கோழித்தீவனமும் தெருவில் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் இதே வேலையின் பகுதி. தீவனம் பெருச்சாளியை அழைக்கும், பெருச்சாளி பாம்பையும் நாயையும் அழைக்கும்.

குப்பத்துப் பக்கம் பகலில் நடந்தால் ஒரு காட்சி கண்ணில் படும். படகு நிழலில் நாய் படுத்திருக்கும், அதன் மூக்கருகே கோழி குஞ்சுகளோடு மேயும். மீன்கார அக்கா வீட்டு நாயும் அப்படித்தான். காரணத்தைக் கேட்டேன். "குட்டியில இருந்து அதுங்க கூடவே கெடக்குது. அதுக்கு இது வூட்டு ஆளு." ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் எழுதிய நூலின் முக்கியக் கருத்துகளில் ஒன்றும் இதுதான். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவரைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். ஆட்டுமந்தையைக் காக்கும் நாய்களை ஆட்டுக்குட்டிகளோடு வளர்ப்பது இதை நம்பித்தான். பின்கட்டில் கோழி வளர்ப்பவர் ஒரு தெருக்குட்டியை அந்த வயதில் வீட்டுக்குக் கொண்டுவந்து, தடுப்பூசி போட்டு, கண்காணிப்பிலேயே கோழிகளோடு பழக்கினால், சில காலத்தில் அடுத்த தெரு நாய்களுக்கு அது எல்லைக்கோடு போடும். உறுதி சொல்ல முடியாத வழி, ஆனாலும் எனக்குப் பிடித்த வழி.

தாக்குதல் நடந்துவிட்டால் முதல் கவலை நீங்கள்தான். நாயின் வாயிலிருந்து கோழியைப் பறிக்கப் போய்க் கடிபட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல் என்று விட்டுவிடாதீர்கள், வெறிநோய் முற்றினால் மருந்து இல்லை. பிழைத்த கோழியை இருட்டான, அமைதியான பெட்டியில் தண்ணீரோடு வைத்துவிட்டு, விடிந்ததும் வேப்பேரியில் உள்ள, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு எடுத்துப்போகலாம். இறகுக்கடியில் பல் குத்திய ஓட்டை வெளியே தெரியாது, நாயின் எச்சிலிலுள்ள நுண்ணுயிரிகள் அதற்குள் சீழ் வைத்துவிடும். செத்ததைத் தெருக்குப்பையில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

  

எங்கள் வீட்டில் மறுபடி கோழிகள் வளர்க்கக் கூடு கட்டினோம். வெல்டு மெஷ், படுக்கைக் கம்பி, மேலே கூரை, கொண்டிக்கு மேல் கொக்கி. நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் 5.40 மணி அளவில் இறங்கிவிடும், ஜூலையில் 6.40 ஆகும். கடிகாரம் பார்த்துக் கதவடைத்தால் கார்த்திகையில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும் என்பதால் அம்மா வானத்தைப் பார்த்து அடைப்பார். காலையிலும் அப்படித்தான். சேவல் கூவுவது வெளிச்சத்தைக் கண்டு மட்டும் அல்ல, உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைக் கேட்டும்தான். நாகோயா பல்கலைக்கழகத்தார் 2013-ல் மங்கிய ஒளியிலேயே சேவல்களை வைத்து இதைக் காட்டினார்கள். ஆகவே அது இருட்டிலேயே கூவும். கூவியதும் கூட்டைத் திறந்துவிட்டால் கண் தெரியாத கோழிகள் நாய்கள் நடமாடும் தெருவில் இறங்கும். மதிலின் நிறம் தெரியும்வரை அம்மா திறக்கமாட்டார்.

வெடக்கோழியைக் கூட்டுக்குப் பழக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. முதல் சில நாள் ஏணி வைத்து முருங்கையிலிருந்து இறக்கினோம். புதுக் கூட்டில் மிக உயரமான கட்டையை முருங்கைக் கிளை மட்டத்துக்கே வைத்தபோது, ஒரு மாலை அது தானாகவே உள்ளே போய் அந்தக் கட்டையில் ஏறி உட்கார்ந்தது. அம்மா கொக்கியை மாட்டினார், டார்ச்சை ஒருமுறை உள்ளே அடித்து எண்ணிப் பார்த்தார்.